இரண்டாவது சுற்றில் நழுவிய கணக்கு: ஒரு தவில் கலைஞரின் செயல்நினைவு பற்றிய நிகழ்வு ஆய்வு

"ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. ஆனா அத்தான் நார்மலா இல்லை."

அறைக்குள் நுழைந்ததும் அந்த நாகஸ்வரக் கலைஞர் சொன்ன முதல் வார்த்தை இது. கூட வந்தவர்கள் அவருடைய அக்காவும், அக்காவின் கணவரும். கணவர் தவில் வாசிப்பவர். ஐம்பது வயதை ஒட்டியவர், வலது கைப் பழக்கம், முப்பது வருஷத்துக்கு மேலாகக் கோயில், கல்யாணம் என்று வாசித்துக்கொண்டிருக்கிறவர். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஊர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவ உளவியலாளர். தலையில் அடிபட்டவர்களின் நினைவையும் கவனத்தையும் சோதிப்பது என் அன்றாட வேலை.

நடந்தது இது. தை மாதக் கடைசி, சம்பா அறுவடை நேரம். டெல்டாவில் அந்த நாட்களில் தார்ச்சாலையின் பாதி அகலத்தில் நெல் காயும். ராத்திரி ஒரு கச்சேரி முடிந்து பைக்கில் திரும்பும்போது சக்கரம் நெல்லில் ஏறி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் இல்லை. தலையின் இடது பக்கம் அடி. கால் மணி நேரம் என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒரு ராத்திரி மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் எலும்பு முறிவும் இல்லை, ரத்தக் கட்டும் இல்லை. மூன்று வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். கெட்டிமேளம், ஊர்வலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் மைத்துனர் ஆதி தாளத்தில், ஒன்றரை இடத்தில், அதாவது தாளம் தொடங்கி ஒன்றரை எண்ணிக்கை தள்ளி, எடுக்கிற ஒரு கீர்த்தனையை வாசித்தார். இவர் கோர்வை வைத்தார்: ஒரே சொல்லை இடைவெளி விட்டு மூன்று முறை வாசித்து, பாட்டு எடுக்கிற இடத்தில் போய் முடிக்கிற கணக்கு அது. முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்றில் இடைவெளி மாறிப்போய், பாட்டு எடுக்கிற இடத்தில் வந்து விழாமல் எங்கோ விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் அப்படியே ஆனது. கூட்டத்தில் யாரோ "போட்டுட்டு வந்துட்டாரு போல" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. வாழ்நாளில் குடித்தறியாத மனிதர். அதற்குப் பிறகு வந்த இரண்டு தேதிகளை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு பார்த்த ஒரு மருத்துவர், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, இது பயம்தான் என்று தூக்க மாத்திரை கொடுத்தாராம்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். "கை கேக்குதும்மா. சொல்லும் மனசுல இருக்கு. நடுவுல யாரோ கயித்தை விட்டுடற மாதிரி இருக்கு."

சோதனையில் தெரிந்ததும் தெரியாததும்

முதல் நாள் வழக்கமான சோதனைகளைச் செய்தேன். எண்களைச் சொல்லி அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஆறு வரை சொன்னார். குறையே இல்லை. பழைய நினைவு உறுதியாக இருந்தது. குருவிடம் எந்த வருஷம் எதைக் கற்றார் என்பதெல்லாம் பிசகாமல் வந்தது. ஒரு கதையைச் சொல்லி அரை மணி கழித்துக் கேட்டேன், முக்கால்வாசி சொல்லிவிட்டார். பேச்சு தெளிவு, விரல் வேகம் சரி. எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னபோதுதான் மூன்றோடு நின்றுவிட்டார். இரண்டு படி முன்னால் வந்த எழுத்தையே நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிற சோதனையிலும் தடுமாறினார். ஆனால் அன்று அவர் களைப்பாகவும் மனக்கசப்போடும் இருந்தார். இந்த இரண்டையும் அந்தக் கணக்கில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அப்போது மைத்துனர் சொன்னார்: "இங்க சும்மா உக்கார வச்சுக் கேட்டா எப்படிங்கம்மா தெரியும்? தவிலைக் கொண்டுவரவா?"

மறுநாள் கொண்டுவந்தார்கள். தாளம் போடுகிற பையனும் வந்தான். அவர் தரையில் அமர்ந்து, வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த, கல் போன்ற உறைகள். இடது கையில் பூவரசங்கழி. மாட்டி முடித்ததும் ஒவ்வொரு விரலையும் தவிலின் வலது முகமான வலந்தலையில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். எண்களைச் சொல்லும்போது குனிந்தே இருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் கேட்டது எளிய கணக்கு. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளம் ஒரு தடவை முழுதாக வந்து முடிவதற்கு, 32. 'ததிகிணதொம்' ஐந்து மாத்திரை, இரண்டு தடவை சொன்னால் பத்து. அந்தப் பத்தை மூன்று முறை வைத்து, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 10+1+10+1+10, சரியாக 32. தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்கிச் சமத்தில் விழும். சின்ன வயதிலேயே கையில் ஏறிய பாடம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், ஒரு பிசகும் இல்லை.

பிறகு, "ஒன்றரை இடத்துக்கு வையுங்கள், ஆனால் சொல்லை மாற்றாமல்" என்றேன். ஒன்றரை அட்சரம் என்றால் ஆறு மாத்திரை கூடுதல், மொத்தம் 38. அதே பத்தை வைத்துக்கொண்டு கார்வையை ஒன்றிலிருந்து நாலாக்கினால் போதும்: 10+4+10+4+10. விடையை அவரே உடனே சொல்லிவிட்டார். கணக்குப் போடுவதில் சிக்கல் இல்லை. வாசிக்கும்போது முதல் கார்வையில் நாலு விட்டார். இரண்டாவதில் ஒன்றுதான் விட்டார். பழைய கணக்கு உள்ளே புகுந்துவிட்டது. பத்து முறை முயன்றதில் இரண்டு முறைதான் சரியாக விழுந்தது.

இந்த வாசிப்பில் அவர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியவை எத்தனை என்று பாருங்கள். தாளத்தில் எங்கே இருக்கிறோம், எந்தச் சொல், எத்தனையாவது சுற்று, இன்று மட்டும் மாற்றிய கார்வை. நாலும் சில வினாடிகளுக்கு மட்டும் தேவைப்படுபவை, முடிந்ததும் விட்டுவிடலாம். இப்படி வேலை நடக்கிற நேரத்துக்கு மட்டும் மனம் ஏந்திக்கொண்டு, ஏந்தியபடியே மாற்றியும் அமைக்கிற நினைவைத்தான் செயல்நினைவு என்கிறோம். மனிதர்களால் ஒரு நேரத்தில் ஏழு விஷயங்களை, ஒன்றிரண்டு கூடக்குறைய, வைத்துக்கொள்ள முடியும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நாலாகக் குறைத்தார். நம்மவர் கோர்வையில் ஏந்தியதும் நாலுதான். அந்த நாலில் ஒன்று விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டு கரையும் சரி, நடுவில்?

செயல்நினைவு மூளையில் எங்கே இருக்கிறது? நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மடலில் என்றுதான் நெடுங்காலம் பதில் சொன்னார்கள். காரணமும் உண்டு. 1971-இல் ஃபஸ்டரும் அலெக்ஸாண்டரும் குரங்குகளில் பார்த்தார்கள்: உணவை மறைத்துவைத்துக் காத்திருக்கச் செய்தால், அந்தக் காத்திருப்பு முழுக்க முன்மடலின் நரம்பணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. ஆனால் அதே போன்ற துடிப்பு, அதற்குப் பின்னால் உச்சந்தலைக்குக் கீழே இருக்கிற உச்சிமடலிலும் தென்பட்டது. ஏந்தி வைக்கிற பொருளைப் பொறுத்து, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பின்பகுதிகளும் இதில் சேர்கின்றன. ஆக, ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிற சரக்கு இல்லை இது. பல இடங்கள் சேர்ந்து செய்கிற காரியம்.

சரி, தூரத்தில் இருக்கிற இடங்கள் எப்படிச் சேருகின்றன? இங்கேதான் அலைகள் வருகின்றன. மூளை அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தூண்டப்படுவதும் தணிவதுமாக இருக்கின்றன. வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் அலையைத் தீட்டா என்றும், 8 முதல் 12 வரை வருவதை ஆல்ஃபா என்றும், 13 முதல் 30 வரை வருவதைப் பீட்டா என்றும், அதற்கு மேல் வேகமாக வருவதைக் காமா என்றும் சொல்வார்கள். அலையின் ஒரு கட்டத்தில் அணு எளிதில் தூண்டப்படும், அடுத்த கட்டத்தில் எதையும் ஏற்காது. ஓர் இடத்திலிருந்து கிளம்பும் செய்தி, மறு இடம் ஏற்கிற கட்டத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பலன். பாஸ்கல் ஃப்ரீஸ் 2005-இல் தெளிவாக முன்வைத்த கருத்து இது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. தண்ணீர் குறைவான வருஷத்தில் முறைப்பாசனம் நடக்கும். கல்லணையிலிருந்து காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். நம் வாய்க்காலுக்கு முறை வருகிற நாளில் நம் மடை திறந்திருக்க வேண்டும். மடை மூடியிருக்கிற நாளில் தண்ணீர் வந்தால், வாய்க்காலிலும் குறையில்லை, வயலிலும் குறையில்லை, ஆனால் பயிர் காயும். "ஆமாங்கம்மா, அதுதான்!" என்று அவர் மனைவி தலையாட்டினார். அவர் குடும்பத்துக்கும் இரண்டு மா நிலம் உண்டு.

இது வெறும் கருத்து இல்லை. மனிதர்கள் ஒன்றை நினைவில் ஏந்தியிருக்கும்போது முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே தீட்டா அலைகள் ஒத்துப்போவது கூடுகிறது என்று சார்ந்தைனும் உடன் ஆய்ந்தவர்களும் 1998-இல் தலைமேல் மின்முனை வைத்துக் காட்டினார்கள். குரங்குகளின் முன்மடலுக்கும் உச்சிமடலுக்கும் இடையிலான ஒத்திசைவு, அவை நினைவில் வைத்திருக்கிற பொருளைப் பொறுத்தே மாறுகிறது என்று 2012-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. எனக்கு மிகவும் பிடித்தது அதே 2012-இல் பொலானியா குழுவினர் செய்தது. ஆரோக்கியமானவர்களின் இடது முன்மடலுக்கும் உச்சிமடலுக்கும் வினாடிக்கு 6 முறை மாறும் மெல்லிய மின்னோட்டத்தைக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஏற்றமும் இறக்கமும் ஒன்றாக வந்தபோது நினைவுச் சோதனையில் விடை வேகமாக வந்தது. ஓரிடத்தில் ஏற்றம், மறு இடத்தில் இறக்கம் என்று மாற்றிக் கொடுத்தபோது விடை தாமதமானது. மின்னோட்டத்தின் அளவு அதேதான். மாறியது நேரம் மட்டுமே.

ஒரே இடத்துக்குள் பல பொருள்களைக் கலக்காமல் வைப்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. லிஸ்மனும் இடியார்ட்டும் 1995-இல் சொன்னது. ஒரு தீட்டா அலைக்குள் சில காமா அலைகள் அடங்கும், ஒவ்வொரு காமாவிலும் ஒரு பொருள். வினாடிக்கு 6 என்றால் ஒரு தீட்டாவின் நீளம் சுமார் 167 மில்லி வினாடி. வினாடிக்கு 40 என்றால் ஒரு காமா 25 மில்லி வினாடி. உள்ளே ஆறேழு அடங்கும், மில்லரின் ஏழுக்குப் பக்கத்தில். இதைக் கேட்டதும் நம் தவில்காரர், "அட்சரத்துக்குள்ள மாத்திரை மாதிரி. மிஸ்ர நடைனா ஏழு" என்றார். உதாரணமாக அது பொருத்தம்தான். ஆனால் தவிலின் தாளமே மூளையின் தீட்டாவை ஓட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடமும் சொன்னேன். அட்சரம் ஏறக்குறைய வினாடிக்கு ஒன்று விழும். தீட்டா அதற்குள் ஐந்தாறு தடவை வந்துபோய்விடும்.

ஆல்ஃபாவுக்கும் பங்கு உண்டு. நினைவில் ஏற்றுகிற சுமை கூடும்போது தலையின் பின்பகுதியில் ஆல்ஃபா வலுக்கிறது என்று ஜென்சன் குழுவினர் 2002-இல் கண்டார்கள். தேவையற்றது உள்ளே வராமல் பக்கத்து மடைகளை அடைக்கிற வேலை அது என்று பலர் கருதுகிறார்கள். பீட்டாவும் காமாவும் தொடர்ந்து ஓடாமல் சின்னச் சின்ன வெடிப்புகளாக வருகின்றன என்பதை 2016-இல் லண்ட்க்விஸ்ட், ஏர்ல் மில்லர் (ஏழு என்று சொன்ன மில்லர் வேறு) குழு குரங்குகளில் காட்டியது. அந்த விவாதம் இன்னும் சூடாக நடக்கிறது. நம் நோயாளியைப் புரிந்துகொள்ள அதற்குள் போக வேண்டியதில்லை.

அடியில் என்ன அறுந்தது

மூளையின் முன்மடலையும் உச்சிமடலையும் நீண்ட நரம்பிழைகள் இணைக்கின்றன. கற்றையாக ஓடுகிற வெண்பொருள். தலை திடீரென்று வேகமாகப் போய் நிற்கும்போது மூளை உள்ளே முறுக்கிக் குலுங்கும், அப்போது இந்த நீண்ட இழைகள்தான் முதலில் இழுபடும். இந்தச் சேதம் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் நரம்பியல் மருத்துவரோடு பேசி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன். நுண்ணிய ரத்தக் கசிவைக் காட்டும் முறையில் எடுத்ததில், இடது முன்மடலின் வெண்பொருளில் நாலு கரும்புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கடுகளவு. மேலே இருக்கிற சாம்பல்நிறப் பகுதிகள் இரு பக்கமும் சேதமின்றி இருந்தன.

அந்தப் படத்தை அவருக்குக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ இது பயம் இல்லைதானம்மா?" இல்லை என்றேன். அவர் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் இதை எழுத முக்கியக் காரணம் அந்த நிமிஷம்தான். 'ஸ்கேன் நார்மல்' என்ற இரண்டு வார்த்தை ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கிவிடக் கூடாது.

தலைமேல் மின்முனை வைத்து மூளையின் அலைகளைப் பதிவுசெய்கிற இ.இ.ஜி.யும் எடுத்தார்கள். ஆல்ஃபா ஒழுங்காக இருந்தது, வலிப்புக்கான அறிகுறி ஏதுமில்லை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வழக்கமான இ.இ.ஜி.யைப் படுக்க வைத்து எடுத்து, கண்ணால் பார்த்துப் படிக்கிறார்கள். இரண்டு இடங்களின் தீட்டா ஒத்துப்போகிறதா என்று அதில் தெரியாது. அதற்கு, நினைவு வேலை செய்துகொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான முறை பதிவுசெய்து கணினியில் கணக்கிட வேண்டும். அந்தப் பதிவு இவருக்குச் செய்யப்படவில்லை. ஆகவே, இழைகள் இழுபட்டதால் இரு பகுதிகளின் நேரம் பிசகியது என்பது சோதனை முடிவையும் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துவைத்து நான் எடுத்த முடிவு. ஆறு ஏந்தியவர் தலைகீழாக மூன்றோடு நிற்பதும், கணக்கு தெரிந்தும் இரண்டாவது சுற்றில் பழைய கார்வை நுழைவதும் அதோடு பொருந்துகின்றன. அவர் சொன்ன கயிறும்தான்.

செய்ததும் செய்யாததும்

அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான். நெற்றியில் மாட்டினால் மின்னோட்டம் கொடுத்து நினைவாற்றலைக் கூட்டும் கருவி என்று ஒரு வீடியோவை போனில் காட்டி, "வாங்கலாமா அக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. 2019-இல் ராபர்ட் ரைன்ஹார்ட்டும் ஜான் நுயென்னும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 76 வயதானவர்களுக்கு 25 நிமிடம் இப்படிக் கொடுத்து, அவர்களுடைய செயல்நினைவு இருபது வயதுக்காரர்கள் அளவுக்கு ஏறியதைக் காட்டினார்கள். கொடுத்து முடித்த பிறகும் 50 நிமிடம் அது நிலைத்தது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரின் மூளையையும் அளந்து, அவரவர் தீட்டா வேகத்துக்குப் பொருத்தித்தான் கொடுத்தார்கள். அதோடு, அவர்கள் யாரும் தலையில் அடிபட்டவர்கள் இல்லை. நேரம் பிசகினால் தலைகீழ்ப் பலன் வரும் என்பதைப் பொலானியா குழுவின் 2012 ஆய்வே காட்டிவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு இருந்தவருக்கு வலிப்பு அபாயத்தையும் யோசிக்க வேண்டும். வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

நினைவுப் பயிற்சி விளையாட்டுகளையும் கொடுக்கவில்லை. அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும், வாழ்க்கைக்கு அவ்வளவாகத் தாவாது என்பதுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. அதனால் அவருடைய வேலையையே பயிற்சியாக்கினோம்.

முதலில் சுமையைக் குறைத்தோம். ஏந்த வேண்டிய நாலில் ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டால் மற்ற மூன்றுக்கு இடம் கிடைக்கும். தாளம் போடுகிற பையன் பின்னால் உட்காருவது வழக்கம். அவனை அவர் கண்ணெதிரே, கை தெரிகிற மாதிரி உட்கார வைத்தோம். தாளத்தில் எங்கே இருக்கிறோம் என்பதைத் தலைக்குள் வைத்திருக்கத் தேவையில்லை, பார்த்தால் போதும். கோர்வையைத் தவிலில் வைப்பதற்கு முன் சொற்கட்டாக வாயால் சொன்னார். கார்வையில் 'தாம், இரண்டு, மூன்று, நாலு' என்று உரக்கவே எண்ணினார். ஒரு வாரம் கழித்து முணுமுணுப்பு, அப்புறம் உதடு மட்டும், அப்புறம் மனதில். கார்வை நாலு நன்றாக நின்ற பிறகுதான் மற்ற எடுப்புகளுக்கு, அதாவது பாட்டு தொடங்குகிற வேறு இடங்களுக்கு, போனோம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது. களைத்தால் பிசகு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. தூக்க மாத்திரையை மருத்துவர் மெல்ல நிறுத்தினார். இரவுக் கச்சேரிகளை நாலு மாதம் ஒத்திப்போட்டார்.

மைத்துனரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அத்தானுக்குச் சொல்லாமல் எடுப்பை மாற்ற வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு. திடீரென்று மாற்றுவதும் அதைத் தவில் கப்பென்று பிடிப்பதும்தான் இருவருக்கும் அத்தனை வருஷ சந்தோஷம்.

ஆடி மாதம் வந்தபோது தலைகீழ் எண்கள் நாலு. 38 மாத்திரைக் கோர்வை பத்துக்கு ஆறு சரி. இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு மூளை தானாக ஆறியதால் என்று ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. லேசான தலைக்காயத்தில் முதல் சில மாதங்களில் தானாகவே நல்ல முன்னேற்றம் வரும். ஆனால் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. அறையில் ரேடியோவை ஓடவிட்டால் ஆறு மூன்றாகிவிட்டது. வெளியே ஓடுகிற பேச்சை அடைக்க அவரால் இன்னும் முடியவில்லை. டெல்டாக் கோயில் திருவிழாவில் ஒரு பக்கம் நாகஸ்வரம், மறு பக்கம் ஒலிபெருக்கி. அதை நினைத்துக் கவலையாக இருந்தது.

மார்கழியில் விடியற்காலை வாசிப்புக்குத் திரும்பினார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது அவரேதான். கூட்டமும் சத்தமும் குறைவு, தூங்கி எழுந்த தெளிவு. அந்த மாதக் கடைசியில் என்னிடம் வந்தபோது தலைகீழ் எண்கள் ஐந்து, கோர்வை பத்துக்கு ஒன்பது. ரேடியோ ஓடினால் ஏழு. மிஸ்ர நடையில் புதிதாகக் கட்டுவதை இன்னும் தொடவில்லை. திருவிழாவில் தவில் மட்டும் தனியாக வாசிப்பதற்கு முன், பக்கத்து ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி அவரே கேட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும் என்றார்.

அடுத்து வர வேண்டியது பங்குனியில். கிளம்பும்போது மைத்துனர் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார். போன வாரம் கோயிலில் பழக்க தோஷத்தில், சொல்லாமலே எடுப்பை மாற்றிவிட்டாராம்.

"என்ன செய்தீர்கள் ஐயா?" என்று தவில்காரரைக் கேட்டேன்.

"கழியை நிறுத்திட்டேம்மா. ஒரு ஆவர்த்தனம் பையன் கையையே பார்த்தேன். அப்புறம் எடுத்தேன். சரியா விழுந்துது."